ஓரடியக்கா எடுக்காத வலது பக்கம்

ஒருவரை ஆயிரக்கணக்கான தடவை உற்றுப் பார்த்தவர், அவரைப் பார்த்தவர் ஆகிவிடுவாரா? இந்தக் கேள்வியைப் புத்தகங்களில் பல வடிவங்களில் படித்திருக்கிறேன். பதில்களையும் படித்திருக்கிறேன். எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குள் அவள் பதில் கொண்டுவந்தாக வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

அவளை எல்லாரும் ஓரடியக்கா என்பார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுவது அவள் வேலை. நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி, மேல் மடிப்பில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டில் கத்தியை ஓட்டுவாள். கோடு கோணினால் நாற்பது சட்டையும் கோணும். அதனால் வெட்டுவதற்கு முன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நிற்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. கையில் மொபைல் வந்தபோது அந்தப் பழக்கம் அதற்குள்ளும் புகுந்துகொண்டது.

கூடத்தில் பொத்தான் தைக்கும் அம்மாள் ஒருத்தி, மகனுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். அதுதான் ஆரம்பம். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"சுவத்தை விட்டுத் தள்ளி வாங்க. சுவரு ஒண்ணும் விழுந்துடாது, நீங்க முட்டுக் குடுக்க வேணாம்."

"இங்க நிக்கட்டுமா?"

"இன்னும் ஓரடி."

"இதுக்கு மேல வந்தா வெயில் மூஞ்சியில அடிக்குமே."

"வெயிலுக்குள்ள போகச் சொல்லல. வெயிலுக்கு ஓரடி முன்னாடி, நிழலோட கரையில நில்லுங்க. ம். இப்ப வெளிச்சத்தைப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க."

"உன்னைப் பார்க்காம எப்படி போட்டோ?"

"என்னைத் தினமும் பார்க்கிறீங்களே, அலுக்கலையா?"

அந்த அம்மாள் சிரித்தாள். அக்கா எடுக்கவில்லை. சிரித்து முடித்து மூச்சு விட்டாள், அப்போது எடுத்தாள். படத்தில் இருந்தது சிரிப்பு அல்ல, சிரிப்பு போன பிறகு முகத்தில் மிச்சமிருக்கும் தளர்வு. மகன் அதைப் பார்த்துவிட்டுப் போனில் அழுதானாம். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரையும் அவள் ஓரடி நகர்த்தினாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கென்று சில கட்டளைகள் இருந்தன. படத்தைப் பெரிதாக்கி எடுக்க மாட்டாள். நடந்து கிட்டே போவாள். போனை மார்பு உயரத்துக்கு இறக்கிப் பிடிப்பாள். திரையில் தெரியும் கட்டத்தின் மேல்கோட்டில் கண் உட்கார வேண்டும். தலைக்குப் பின்னால் கம்பம் நின்றால், "தலையில கொம்பு முளைக்குது" என்று தானே நகர்ந்துகொள்வாள். படத்தின் ஓரம் முழங்கையிலோ மணிக்கட்டிலோ விழவே கூடாது. "மூட்டுல வெட்டினா துணியும் பிரியும், ஆளும் பிரிவான்" என்பாள்.

இதைக் கலை என்று சொல்லத் தயங்குகிறேன். அந்தப் படங்களில் எல்லாரும் கொஞ்சம் ஒரே ஆள் போல இருந்தார்கள். அவளுக்குப் பிடித்த ஓர் அமைதி எல்லார் முகத்திலும் வந்து உட்கார்ந்திருந்தது. அது அவர்களுடையதா, அவளுடையதா என்று நான் கேட்டுக்கொண்டதுண்டு. ஒன்றை மட்டும் மறுக்க முடியாது: அவள் எடுத்த படத்தைப் பார்த்து "இது நானில்லை" என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

அவளிடம் ஒரு குறை இருந்தது. அழிப்பாள். பிடிக்காத படங்களை அன்று மாலையே அழித்துவிட்டுத்தான் விளக்குப் போடுவாள். தன் போனில் இருப்பதை மட்டுமல்ல, உறவுக்காரர்களின் போனில் இருப்பதையும் அழிக்கச் சொல்வாள். அதில் அதிகம் அடிபட்டவள் அவள் நாத்தனார். அந்தப் பெண் எங்கே எப்படி எடுத்தாலும் மூலையில் அவள் விரல் வந்துவிடும். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு தடவை, பத்துப் பேர் சூழ்ந்திருக்க, அக்கா அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் விரல் நல்லா வந்திருக்கு. பின்னாடி நிக்கிறது யாரு?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். "அழி. என் கண்ணெதிர்லயே அழி" என்றாள் அக்கா. அவளும் அழித்தாள். அதற்குப் பிறகு குடும்பத்தில் அவள் பெயர் 'விரல்'. அதற்குப் பிறகு அவள் யாரையும் படம் எடுத்து யாரும் பார்க்கவில்லை.

அக்கா அதிகம் எடுத்தது தன் கணவரைத்தான். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பதினொரு வருடங்களுக்கு முன் முதல் தடவை எடுத்தபோது, துணி எந்த வாட்டத்தில் ஒழுங்காக விழும் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் போல, அவரைத் தொட்டிப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தாளாம். கடைசியில் இடது பக்கம் என்று முடிவானது. இடது கன்னத்தில் வெளிச்சம் விழும், மூக்கு வரை வரும், வலது பக்கம் நிழலுக்குள் இறங்கிப் போகும். அதோடு சரி. மாற்றவேயில்லை. பழகிப்போய், போனை எடுத்தாலே அவர் கழுத்து தானாகத் திரும்பிக்கொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பணிமனையில் ஓட்டுநர்களுக்கு வருடாந்திர உடல் பரிசோதனை. அவருடைய முகத்தைப் பார்த்த மருத்துவர் எதுவும் சொல்லாமல் ஒரு சீட்டு எழுதி, இன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். "இன்றைக்கே" என்பதன் கீழே இரண்டு கோடு. அக்கா கத்தியை வைத்துவிட்டு, பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினாள்.

கண் டாக்டரம்மா அவரை நேராக உட்கார வைத்து, மேலே பார், கீழே பார் என்றாள். விளக்கடித்தாள். பிறகு கேட்டாள்:

"வலது இமை எப்ப இருந்து இப்படி இறங்கியிருக்கு?"

"அது பொறந்ததுல இருந்தே அப்படித்தான் டாக்டர்."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. யாருமே சொல்லாததால பொறந்ததுல இருந்தே இருக்கும்னு நினைச்சேன்."

டாக்டரம்மா அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. தினமும் பார்க்கிறவங்க நீங்கதானே?"

அக்கா பார்த்தாள். கணவர் நேராக அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலது இமை கருவிழியின் மேல்பகுதியை மூடிக்கொண்டிருந்தது, பாதி இறக்கிய கடைக்கதவு போல. இது நேற்று இருந்ததா? போன மாதம்? அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். "இது பழசா இருந்தா பயமில்ல. தசை பலவீனம், அவ்வளவுதான். நிதானமா ஒரு ஸ்கேன் பார்த்துக்கலாம். ஆனா புதுசா வந்ததுன்னா, தலைக்குள்ள ஏதோ நரம்பை அழுத்துதுன்னு அர்த்தம். ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம். அப்படின்னா ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. கண்மணி ரெண்டும் ஒரே அளவுல இருக்கு, அதனாலதான் இப்பவே சேர்க்கச் சொல்லல. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க. வரும்போது இவரோட பழைய போட்டோ கொண்டு வாங்க. நாலஞ்சு வருஷம் முன்னாடி எடுத்தது. நேர் முகம், ரெண்டு கண்ணும் தெரியணும்."

"கிடைக்கலைன்னா?"

"புதுசுன்னு வச்சுக்கிட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். தொடையில இருந்து குழாய் விட்டுத் தலை வரைக்கும் பார்ப்பாங்க. அதுலயும் ஆபத்து உண்டு, மறைக்கல. இதுக்கு நடுவுல தலைவலி வந்தாலோ, ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சாலோ எட்டு மணி வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே கிளம்பி வாங்க."

ஓட்டுநர் சிரித்தார். "போட்டோதானே? டாக்டர், எங்க வீட்டுல எதுக்குக் குறைச்சல் இருந்தாலும் அதுக்கு இல்ல. இவ எடுத்த போட்டோவை அடுக்கினா உங்க ஆஸ்பத்திரி கூரை வரைக்கும் வரும்."

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திரும்பி வரும் பேருந்திலேயே போனைத் திறந்தாள். கணவர் படங்கள் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம். கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். இடது. இடது. இடது. மழைக்காலம், இடது. புதுச் சட்டை, இடது. பேருந்தின் படியில் நின்று, இடது. ஒவ்வொன்றிலும் வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் அவள் ஆசையாய் இறக்கிவிட்ட நிழல். ஒன்றைப் பெரிதாக்கி வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். நிழல் வெளுத்துப் புள்ளி புள்ளியாக உடைந்தது. அதற்குள் கண் இல்லை.

"இதைப் பாருங்க, இதுல கொஞ்சம் தெரியுதா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கல. கண்ணு தெரியுதான்னு கேட்டேன்."

"ஒரு கண்ணு தெரியுது. அது நல்லா இருக்கிற கண்ணு."

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் இருவர் முகத்தையும் துடைத்து மெழுகி, கண்ணுக்கு மை தீட்டிவிட்டிருந்தார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே கண்கள். பழைய ஓட்டுநர் உரிமத்தில் நேர் முகம் இருந்தது, ஆனால் முத்திரை சரியாக வலது கண்ணின் மேல் குத்தப்பட்டிருந்தது. கடைசியாகப் பணிமனை அடையாள அட்டை. அதைக் கையில் எடுத்தபோதே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. நேர் முகம்தான் கேட்டார்கள். அவள் இடது பக்கப் படம் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். "இவ்வளவு நல்ல படத்தை வேணாங்கவா முடியும்" என்று எழுத்தர் அதையே ஒட்டிவிட்டார். அன்று அவள் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்ததை நானும் கேட்டிருக்கிறேன்.

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தாள். எல்லாரிடமும் ஓட்டுநர் படம் இருந்தது. எல்லாம் அவள் அனுப்பியது. "நீ இருக்கும்போது நாங்க எதுக்கு எடுக்கப்போறோம்?" என்றார் பெரியப்பா. "எடுத்தாலும் நீதான் அழிக்கச் சொல்லுவியே" என்றாள் பெரியம்மா, பின்னாலிருந்து.

மணி ஐந்தரை. ஞாயிறாக இருந்தால் தொட்டிக்குப் பின்னால் வெளிச்சம் மிக நன்றாக இருக்கும் நேரம். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாக மூடி எதிர்ச் சுவரின் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் விளையாட்டுப் பேச்சுப் பேசியவர்தான். இப்போது பேச்சு குறைந்திருந்தது.

"தலை வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ரெண்டா தெரியுதா?"

"ஒண்ணாத்தான் தெரியற. அதுவே போதும்போல இருக்கு."

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே இரண்டு கேள்விகளைக் கேட்டாள். நடுவில் அவர் சொன்னார்: "என்னை அழகாக்கி அழகாக்கிப் பாதி மூஞ்சியவே காணாம பண்ணிட்ட." வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தார். சொன்ன பிறகு அது வேடிக்கையாக இல்லை. இருவருக்கும் அது கேட்டது.

சற்று நேரம் கழித்து அவரே, "என் தங்கச்சிகிட்ட கேட்டுப் பாரு" என்றார்.

"அவகிட்ட நான் எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்."

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பிறகு அழைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"உங்க அண்ணனை நேரா வச்சு எடுத்த போட்டோ ஏதாவது வச்சிருக்கியா? பழசு."

"நானா? நான் எடுத்தா ஊரே சிரிக்குமே அண்ணி."

"விளையாடாதம்மா." அக்கா நடந்ததைச் சொன்னாள். ரத்தக்குழாய் என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு: "அன்னைக்கு எடுத்தேனே, அது நேரா எடுத்ததுதான்."

"அதைத்தான் அழிச்சிட்டியே."

"அழிச்சேன். உங்க எதிர்லதான் அழிச்சேன். வீட்டுக்கு வந்து போனோட குப்பைத்தொட்டியில இருந்து திரும்ப எடுத்துட்டேன். எங்க அண்ணன் போட்டோவை நான் ஏன் அழிக்கணும்?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரோடு ஒட்டாதீர்கள் என்று எல்லாரையும் விரட்டியவள்.

"அனுப்பு. இப்பவே அனுப்பு."

"அது பழைய போன்ல இருக்கு அண்ணி. அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எடுத்துக்கிட்டு வரேன்."

இரண்டு பேருந்து மாறி அவள் வந்து சேரும்போது மணி ஏழு. பழைய போனைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. சார்ஜர் முனை பொருந்தவில்லை. எதிர்வீட்டில் ஒன்று இருந்தது, அதுவும் பொருந்தவில்லை. மூன்றாவது வீட்டில், இழுப்பறையின் அடியில், பழைய முனை ஒன்று கிடைத்தது. செருகியதும் திரையில் ஒன்றும் வரவில்லை.

மூவரும் அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாத்தனார் 'விரல்' அதை அடிக்கடி எடுக்கப்போனாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள். ஓட்டுநர் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் தொடவில்லை.

"வராதோ?" என்றாள் அக்கா.

"வரும் அண்ணி. அப்பவும் இப்படித்தான், சோம்பேறி."

இருபது நிமிடம் கழித்து ஒரு சிவப்புக் கோடு தோன்றியது. இன்னும் பத்து நிமிடத்தில் போன் விழித்தது. விரல் தேடினாள். தன் பழைய படங்களைத் தாண்டி, கைவிரல் மூலையில் நிற்கும் எத்தனையோ படங்களைத் தாண்டி, ஓர் இடத்தில் நிறுத்திப் போனை அக்காவிடம் நீட்டினாள்.

உச்சி வெயில். ஏதோ ஒரு பேருந்து நிலையத்தின் வெள்ளைச் சுவர். ஓட்டுநர் சுவரோடு ஒட்டி நேராக நின்றுகொண்டிருக்கிறார். தலையில் கம்பம் முளைத்திருக்கிறது. படத்தின் கீழ் ஓரம் இரண்டு மணிக்கட்டையும் வெட்டியிருக்கிறது. ஒரு மூலையில் இளஞ்சிவப்பாக விரல். இன்னொரு மூலையில் நாத்தனாரின் பாதித் தாடை. அக்காவின் கட்டளைகளில் ஒன்றைக்கூட அது விட்டுவைக்கவில்லை. ஆனால் இரண்டு கண்களும் இருந்தன. வெயிலுக்கு இரண்டும் சுருங்கியிருந்தாலும், ஒரு இமை மற்றதைவிடத் தெளிவாக இறங்கியிருந்தது. தேதி, ஆறு வருடத்துக்கு முந்தையது.

"இருக்கு" என்றாள் விரல். "இருக்கு பாருங்க அண்ணி, அப்பவே இறங்கித்தான் இருக்கு!"

அக்கா படத்தைப் பார்த்தாள், எதிரே நின்ற கணவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது இடது கண்ணு" என்றாள்.

விரல் எட்டிப் பார்த்தாள். ஆமாம். படத்தில் இறங்கியிருந்தது இடது இமை. வலது கண் சரியாக இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் இடது, இப்போது வலது என்றால் என்ன பொருள்? வலது புதிது என்று பொருள். இல்லை, இடம் மாறி மாறி வருகிற ஏதோ ஒன்று என்று பொருள். அது இன்னும் மோசமா, டாக்டரம்மா அதைச் சொல்லவில்லையே. ஓட்டுநர் மெல்ல உட்கார்ந்தார். "தலை வலிக்குதா?" என்று அக்கா கேட்டாள். "வலிக்கல" என்றார். ஆனால் இந்தத் தடவை பதில் வர ஒரு கணம் தாமதமாயிற்று. அந்த ஒரு கணத்தில் அவள் எழுந்து செருப்பைத் தேடிவிட்டாள். காலை எட்டு மணி வரை காத்திருக்க முடியாது, இப்போதே போக வேண்டும்.

போனை விரலிடம் திருப்பிக் கொடுக்கப்போனவள் நின்றாள்.

வெட்டும் மேசையில் நிற்பதைப் போல அப்படியே நின்றாள். படத்தில் கணவர் போட்டிருந்தது நீலச் சட்டை. அவள் வெட்டிய சட்டை. அதன் பை வலது மார்பில் இருந்தது.

"இந்தச் சட்டைக்குப் பையை நான் எங்க வச்சேன்?" என்றாள்.

"சட்டைக்குப் பை எங்க இருக்கும்? இந்தப் பக்கம்தான்" என்று ஓட்டுநர் தன் இடது மார்பைத் தொட்டார்.

"படத்துல அந்தப் பக்கம் இருக்கு." அவள் குரல் மெலிந்திருந்தது. "பொத்தான் பட்டியும் மாறியிருக்கு. பொம்பளைங்க சட்டை மாதிரி. நான் அப்படி வெட்ட மாட்டேன். செத்தாலும் வெட்ட மாட்டேன். ஏம்மா, இதை நீ எப்படி எடுத்த?"

"நானும் அண்ணனும் சேர்ந்து செல்ஃபிதான் எடுத்தேன். கை எட்டல. நான் பாதிதான் வந்தேன்."

முன்பக்கக் கேமரா. கண்ணாடியில் தெரிவதைப் போல எல்லாவற்றையும், வலதை இடதாக இடதை வலதாக, திருப்பிப் போட்டிருக்கிறது. அக்கா கணவரை எழுப்பி நிற்க வைத்தாள். அவரைத் திருப்பவில்லை, நேராகவே நிற்க வைத்தாள். பையின் மேல் ஒரு கையை வைத்தாள். இன்னொரு கையால் இறங்கிய இமையைக் காட்டினாள். பை ஒரு பக்கம், இமை எதிர்ப்பக்கம். படத்திலும் பை ஒரு பக்கம், இமை எதிர்ப்பக்கம். இரண்டு தடவை சரிபார்த்தாள். மூன்றாவது தடவை நாத்தனாரைப் பார்க்கச் சொன்னாள்.

"எதிர்ப்பக்கம்தான் அண்ணி. சத்தியமா எதிர்ப்பக்கம்."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டரம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பை விஷயத்தைக் கேட்டு, போனைத் திருப்பி, ஓட்டுநரின் சட்டையையும் பார்த்தாள். "பழசுதான்" என்றாள். "அவசரமில்ல. ஆனா ஆறு வருஷத்துல கூடியிருக்கான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. வெயில்ல கண்ணைச் சுருக்கியிருக்கார். இதுக்கு நடுவுல வேற படமே இல்லையா?"

அக்கா தன் போனை நீட்டினாள். டாக்டரம்மா பத்து, இருபது என்று தள்ளிக்கொண்டே போனாள். அவள் முகத்தில் முதலில் வியப்பு வந்தது.

"ரொம்ப நல்லா எடுக்கிறீங்க. ஆனா ஏம்மா எப்பவும் இந்தப் பக்கம்?"

"தெரியல. அந்தப் பக்கம் நிம்மதியா இருந்துச்சு."

இந்தப் பதிலை அவள் பிறகு என்னிடமும் சொன்னாள். நான் அதை நிறைய யோசித்திருக்கிறேன். முதல் நாள் தொட்டிப் பக்கம் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோதே அவள் கண் அந்த இமையைக் கண்டிருக்க வேண்டும். கண்டு, வேண்டாம் என்று ஒதுக்கி, ஒதுக்கியதை அவளிடமே சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அவள் எடுத்த மூவாயிரம் படங்களும் அந்த இமைக்குச் சாட்சிகள்தான். இல்லை, அன்று வெளிச்சம் அந்தப் பக்கம் நன்றாக விழுந்தது, அவ்வளவுதானோ. எது என்று தீர்மானிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. அவளிடமும் இல்லை.

மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் தலைக்குள் ஒன்றும் இல்லை என்று வந்தது. தசைப் பலவீனம்தான். ஆனால் இமை இன்னும் இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம். கண்மணியை மறைத்தால் அவர் பேருந்து ஓட்ட முடியாது. அதனால் டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்தாள். மாதம் ஒரு படம். ஒரே இடம், ஒரே தூரம், ஒரே நேரம். நேர் முகம். "அழகா வேணாம்" என்றாள், அக்காவைப் பார்த்து.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு, கண்ணில் வெயில் படாத இடத்தில் அந்தப் படம் எடுக்கப்படுகிறது. அக்கா முதல் நாளே தொட்டிச் சுவரைத் துடைத்துவைக்கிறாள். கணவர் பாதம் வைக்க வேண்டிய இடத்தைத் துணியில் கோடு போடும் சாக்பீஸால் தரையில் வரைகிறாள். படம் எடுப்பவர் நிற்க வேண்டிய கோட்டை நாடா வைத்து அளந்து போடுகிறாள். கணவரை நிற்க வைத்து, பழக்கத்தில் இடது கன்னத்தைக் காட்டத் திரும்பும் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராக்குகிறாள். சட்டைப்பை எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் சரியானதும் போனை விரலிடம் கொடுத்துவிட்டு, தொட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்கிறாள்.

இதற்காக விரல் இரண்டு பேருந்து மாறி வருகிறாள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. பிறரை அக்கா இன்னும் எடுக்கிறாள். மாலை வெளிச்சத்தில் கணவரையும் எடுக்கிறாள், பழையபடி இடது பக்கமாகவே. இந்த ஒரு படத்தை மட்டும் அவள் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. பொத்தான் அம்மாள் கேட்டாள், நான் கேட்டேன், கணவரே கேட்டார். முதல் மாதம் போனைக் கையில் வாங்கியபோது விரலும் கேட்டாள்.

"நீங்க இருக்கும்போது நான் எதுக்கு அண்ணி? நீங்களே எடுக்கலாமே."

அக்கா அதற்குள் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"விரலை ஓரடி தள்ளி வச்சுக்கிட்டு எடு."